நான்காம் எண் கூடத்து ஆறு

காட்டுக் குடில் ஒதுக்கீட்டு வாரியத்தின் அன்றைய அமர்வில் இருந்தவர்களும் அவர்கள் உட்கார்ந்திருந்த இடங்களும் பின்வருமாறு. மின்விசிறிக்கு நேர் கீழே, முதுகு உயர்ந்த நாற்காலியில், தலைவர். அவருக்கு வலப்பக்கம், அவர் இருமினால் தண்ணீர் டம்ளரை நகர்த்தித் தரும் தூரத்தில், செயலாளர். ஜன்னலோரம், வெளியே இருக்கும் ஒரே மரமும் கண்ணில் பட்டுவிடாதபடி ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நதிப் பொறுப்பாளர். அவருக்கு எதிரில், நாற்காலியில் நான்கு கோப்புகளை அடுக்கி உயரம் கூட்டிக்கொண்டு, விலங்குப் பொறுப்பாளர். கதவோரம் தட்டச்சு அம்மாள். மேசைக்கு இந்தப் பக்கம் இரண்டு பேர் உட்காரும் பெஞ்சில் மூன்று மனுதாரர்கள்: பம்பு மெக்கானிக், அவர் மனைவி, மனைவியின் தம்பி. தம்பி பாதி உட்கார்ந்தும் பாதி நின்றும் சமாளித்தான். பஸ் கண்டக்டர் ஆகையால் அவனுக்கு அது பழகின வித்தைதான்.

மெக்கானிக் கேட்டது ஒன்றும் பெரிய வரமில்லை. காட்டோரம், ஆற்றங்கரையில், வாரியத்துக்குப் பன்னிரண்டு மரக்குடில்கள் உண்டு. அவற்றில் ஏழாம் எண் குடில், நான்கு நாளைக்கு. கேட்டது தனக்காகவும் இல்லை. மனைவி ஆஸ்பத்திரியில் ஒன்பது வருஷமாக இரவு நர்ஸ். ஊர் தூங்கும்போது விழித்திருந்து, ஊர் விழித்த பிறகு தூங்கப் பார்க்கிறவள். பார்க்கிறவள் என்றுதான் சொல்ல வேண்டும். வீட்டுக்குக் கீழேயே தகரப் பட்டறை. இவள் போர்வையை இழுத்து மூடும் நேரமும் அவர்கள் முதல் சுத்தியலைத் தூக்கும் நேரமும் ஜாதகம் பார்த்து வைத்தாற்போல் ஒன்றாக இருந்தன.

"எனக்கு மானும் வேணாம், மயிலும் வேணாம்ங்க. ஆத்துச் சத்தம் காதுல விழ, ராத்திரில ராத்திரி மாதிரி நாலு நாள் தூங்கணும்" என்றாள் ஒருநாள். ஒன்பது வருஷத்தில் அவள் கேட்ட ஒரே பொருள் அதுதான். சேர்ந்தாற்போல் நான்கு நாள் விடுப்பும் அந்த வருஷம்தான் கிடைத்தது. அடுத்த முறை மூன்று வருஷம் கழித்து என்று ஆஸ்பத்திரியில் அட்டவணை போட்டு ஒட்டியே விட்டார்கள்.

மெக்கானிக் எதையும் முறையாகச் செய்கிறவர். ஒரு பம்பைப் பிரித்தால் கழற்றிய வரிசையிலேயே நட்டுகளைத் துணியில் அடுக்குகிறவர். ஒரு மாதம் உட்கார்ந்து திட்டம் போட்டார். எந்த பஸ், எங்கே மாறுவது, எத்தனை மெழுகுவர்த்தி, எத்தனை தீப்பெட்டி, மழை வந்தால் எது நனையலாம், எது நனையக்கூடாது. எல்லாவற்றையும் எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டினார். இருபத்து மூன்று பக்க விண்ணப்பத்தையும் நிரப்பினார். பதினெட்டாம் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் திணறிப்போனார். 'ஆற்றைப் பார்க்க விரும்பும் காரணம் என்ன? அதே காரணம் குழாயடியில் நிறைவேறாது என்பதற்கு ஆதாரம் இணைக்கவும்' என்று இருந்தது.

தலைவர் விண்ணப்பத்தைப் புரட்டினார். நல்ல கனமான குரல் அவருக்கு. காலி டிரம்மைத் தட்டினால் வரும் கனம்.

"இருபத்திரண்டு வருஷமா நான் காட்டுக் குடில்களை நிர்வாகம் பண்றேன். ஒரு தடவையாவது காட்டுக்குப் போய் அதைத் தொந்தரவு பண்ணியிருப்பேனா? கேட்டுப் பாருங்க."

யாரும் கேட்காமலே செயலாளர் சொன்னார்: "இல்லைங்க ஐயா."

"குடில்லாம் எப்படிங்க இருக்கு?" என்று கேட்டார் மெக்கானிக்.

"புத்தம் புதுசா இருக்கு. கட்டின அன்னிக்கி எப்படி இருந்துச்சோ அப்படியே. ஏன் தெரியுமா? இன்னிக்கு வரைக்கும் ஒருத்தரையும் உள்ள விட்டதில்ல. பக்கத்து மாவட்டத்து வாரியம் இருக்கே, ஆளுங்கள அனுப்புறாங்க. போய்ப் பாருங்க, தரையெல்லாம் காலடி."

மனைவி தம்பியைப் பார்த்தாள். தம்பி கூரையைப் பார்த்தான்.

"ஆனா உங்க மனு நியாயமான மனு" என்றார் தலைவர். "பன்னெண்டாம் தேதிலேர்ந்து பதினஞ்சாம் தேதி வரை. ஏழாம் எண் குடில். ஒதுக்கியாச்சு. பன்னெண்டாம் தேதி காலைல ஒன்பது மணிக்கு மூட்டை முடிச்சோட இங்க வந்துடுங்க. ஒரு சின்ன ஒத்திகை இருக்கு. முடிச்சதும் அனுப்பிடுவோம்."

மெக்கானிக் கும்பிட்டுவிட்டு எழுந்தார். படியிறங்கும்போது மைத்துனன் சொன்னான்: "அத்தான், 'சின்ன' அப்படின்னு சொன்னாரு பாருங்க, அங்கதான் எனக்கு இடிக்குது. நாங்களும் பஸ் நடுவழில நின்னா 'சின்னக் கோளாறு'ன்னுதான் சொல்லுவோம்."

"வாய மூட்றா மாப்ள" என்றார் மெக்கானிக்.

பன்னிரண்டாம் தேதி காலை, நான்கு பையும் ஒரு கொசுவலையும் சுமந்துகொண்டு மூவரும் போனார்கள். ஆளுக்கொரு மஞ்சள் அனுமதிச் சீட்டைக் கையில் கொடுத்து, அவர்களை மாடியில் நான்காம் எண் கூடத்துக்கு அழைத்துப் போனார் செயலாளர். கூடத்தின் நடுவில், தரையில், சாக்கட்டியால் ஒரு பெரிய சதுரம் போட்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் சுவரோடு சுவராக ஒரு நீலத் தார்ப்பாய் விரித்திருந்தது. ஒன்பது பூந்தொட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு செடி, இரண்டு பட்டுப்போனவை.

"இது குடில். அது ஆறு. இது அடர்ந்த காடு" என்று அறிமுகம் செய்தார் செயலாளர். பூந்தொட்டிகளிடம் வரும்போது குரலைக்கூடத் தாழ்த்திக்கொண்டார்.

மெக்கானிக் பையை வைக்க இரண்டடி எடுத்து வைத்தார்.

"நில்லுங்க. சுவத்து வழியாப் போறீங்க."

குனிந்து பார்த்தார். கால் சாக்கோட்டின்மேல் இருந்தது. வாசல் அந்தப் பக்கமாம். சுற்றிக்கொண்டு போய், இல்லாத கதவைத் திறந்து, உள்ளே போய், மறுபடி வெளியே வந்து, திறந்து வைத்த கதவைச் சாத்திவிட்டு வரும்படி ஆயிற்று. சுவரை மிதித்ததற்கு அரைமணி நேரம் விளக்கம் எழுதினார். 'கண்ணுக்குத் தெரியவில்லை' என்று எழுதினார். 'ஏற்கத்தக்கதல்ல, சுவர் ஆறு அங்குலம் கனமானது' என்று செயலாளர் ஓரத்தில் குறித்தார்.

நதிப் பொறுப்பாளர் தார்ப்பாயின் ஒரு முனையில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவ்வப்போது முனையைப் பிடித்து உதறுவார். அப்போது வெள்ளம். வெள்ளம் வந்தால் எல்லோரும் பையைத் தலையில் தூக்கிக்கொண்டு குடிலின் மூலையில் நிற்க வேண்டும். முதல் நாள் ஏழு வெள்ளம் வந்தது. ஐந்தாவது வெள்ளத்தில் நர்ஸின் செருப்பு தார்ப்பாய் விளிம்பில் பட்டுவிட்டது.

"நனைஞ்சு போச்சு" என்றார் நதிப் பொறுப்பாளர், துக்கம் விசாரிக்கிற முகத்தோடு. "ரெண்டு மணி நேரம் வெயில்ல காயணும்."

செருப்பு இரண்டு மணி நேரம் டியூப் லைட்டின் கீழ் காய்ந்தது.

"ஐயா, நீங்க நெசமான ஆத்தப் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டான் கண்டக்டர்.

"வரைபடத்துல பாத்திருக்கேன். அதான் சரியான ஆறு. நேர்ல இருக்குறது மாறிக்கிட்டே இருக்கும், நம்ப முடியாது."

மதியம் விலங்குப் பொறுப்பாளர் வந்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஒரு காகிதத்தைப் பார்த்து, "நான் இப்போது கரடி" என்று வாசித்தார். மூவரும் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்கள். கரடி பையிலிருந்து மூன்று பிரதி எடுத்து நீட்டியது. கரடி வந்ததற்கான ஒப்புகைப் படிவம். அதில் ஒரு பிரதி மனுதாரருக்காம்.

"கையெழுத்து போடாட்டி?" என்றான் கண்டக்டர்.

"வராத மாதிரி ஆயிடும். அப்புறம் மறுபடி வரணும்."

"போட்டுக் குடுத்துடுங்க அத்தான். கரடிக்கு வேற எடத்துல வேலை இருக்கும்."

எல்லாவற்றையும்விடக் கொடுமை இரவு. அலுவலகம் ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள். ஆகவே வாரியத்தில் இரவு என்பது காலை பதினொன்றரை முதல் பகல் ஒன்றரை வரை. பதினொன்றரைக்குச் செயலாளர் விளக்கை அணைப்பார். மூவரும் சாக்கோட்டுக்குள் படுக்க வேண்டும். மற்றவர்கள் அங்கேயே, ஆற்றை ஒட்டி, மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைத்து டீ போடுவார்கள். குடித்த காகிதக் கோப்பைகளைக் கைக்கெட்டிய தூரத்தில் இருந்த ஆற்றில் போடுவார்கள். தட்டச்சு அம்மாள் சடசடவென்று அடிப்பார். செயலாளர் அடர்ந்த காட்டிலிருந்து ஒரு குச்சியை ஒடித்துப் பல் குத்துவார்.

நர்ஸ் கண்ணை மூடினாள். ஒன்பது வருஷக் களைப்பு என்பது சாமானியமில்லை. அந்தக் கூத்திலும் இமை கனத்துவிட்டது. தோளில் யாரோ தட்டினார்கள். தலைவர்.

"தூங்குறீங்களா?"

"ஆமாங்க."

"தூங்குறவங்க பதில் சொல்லக்கூடாது. குறிச்சுக்குங்க செயலாளர். தூக்கம், திருப்தியில்லை. மறு ஒத்திகை."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். அவரை ஏற இறங்கப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் எந்த ஊசியை எங்கே போடுவது என்று பார்க்கும் பார்வை அது. 

ஐந்து மணிக்கு மெக்கானிக் கேட்டார்: "ஐயா, குடிலுக்கு எப்பங்க அனுப்புவீங்க?"

"நாளைக்கு. இன்னிக்கு வெள்ளம் கொஞ்சம் அதிகம்."

மறுநாள் கரடி இரண்டு தடவை வந்தது. 'நாளைக்கு' என்றார்கள். அதற்கு மறுநாள், இடி இடித்ததால் (செயலாளர் மேசையைத் தட்டினார்) எல்லோரும் பெஞ்சுக்கு அடியில் இருந்தார்கள். 'நாளைக்கு' என்றார்கள். இடையில் கண்டக்டர் எழுந்து, "போதும்க்கா, வா போகலாம்" என்று பையைத் தூக்கினான். செயலாளர் சாந்தமாக விதிப்புத்தகத்தைப் பிரித்துக் காட்டினார். ஒத்திகையை இடையில் விட்டுப் போவது குடிலைக் கைவிட்டு ஓடிய குற்றம். ஏழு வருஷத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. அந்த விதிப்புத்தகம் மூவருக்கும் ஆளுக்கொன்று கொடுக்கப்பட்டிருந்தது. தலையணை கிடையாது, ஆகவே அதைத்தான் தலைக்கு வைத்துப் படுத்தார்கள்.

நான்காம் நாள் மாலை நாலே முக்காலுக்கு வாரியம் முழுவதும் கூடத்துக்கு வந்தது. தலைவர் ஒரு சான்றிதழை நீட்டினார். 'மேற்படி குடும்பத்தார் வனப்பகுதியில், ஆற்றங்கரைக் குடிலில், நான்கு நாள் இனிது தங்கினர். ஒதுக்கீடு நிறைவுற்றது. அடுத்த விண்ணப்பம் மூன்று ஆண்டுகளுக்குப் பின்.'

மெக்கானிக் இரண்டு தடவை படித்தார். பம்பில் தண்ணீர் ஏறும் சத்தம் கேட்காவிட்டால் முதலில் தன் காதைச் சந்தேகிக்கிறவர் அவர்.

"ஐயா, நாங்க இன்னும் காட்டுக்குப் போகவே இல்லீங்களே."

"இதுதான் காடு" என்றார் தலைவர்.

"இது ஆபீஸுங்க."

"பாமர ஜனங்க பேச்சு அது. நான் பொறுப்புக்கு வந்த அன்னிக்கே தீர்மானம் போட்டாச்சு. எல்லா விதிக்கும் இந்தக் கூடம் வனப்பகுதி. கூடம் மட்டுமா? மாடிப்படி முதல் படிலேர்ந்து மொட்டைமாடி வரைக்கும் காடுதான். என் அறையும் சேத்து." அவர் நெஞ்சின்மேல் கையை வைத்துக்கொண்டார். "அந்த நிஜக் காட்டுல இருக்கிறவனெல்லாம் என்ன, பொறந்ததுலேர்ந்து அங்கயே கெடக்கான், பழக்கதோஷம். நான் வீட்டுலேர்ந்து தினமும் பஸ் ஏறி வந்து, இந்தக் காட்டுக்குள்ள உக்காந்து, இருபத்திரண்டு வருஷம் வாழ்ந்திருக்கேன்."

செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மெக்கானிக் கை கூப்பினார். "ஐயா, சத்தியமா எனக்கு ஒண்ணும் பிடிபடலீங்க. நீங்க சொன்னத அப்படியே எழுத்துல குடுத்தீங்கன்னா, வீட்ல வச்சு நிதானமாப் படிச்சுப் பாக்குறேன்."

அந்த வாரியத்தில் யாரும் யாரிடமும் அவ்வளவு இனிப்பான வார்த்தையைச் சொன்னதில்லை. எழுத்தில் கேட்டால் தலைவருக்குப் பிறந்தநாள் மாதிரி. அங்கேயே நின்றபடி சொல்லச் சொல்ல, தட்டச்சு அம்மாள் அடித்தார். மாடிப்படி முதல் மொட்டைமாடி ஈறாக, தலைவர் அறை உட்பட, இம்மாடி எல்லா விதிகளின் பொருட்டும் வனப்பகுதியே. இதில் தலைவரும் நால்வரும் அலுவல் நாள்தோறும் வாசம் செய்து வருகின்றனர். தலைவர் கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்து, முத்திரை சாய்ந்திருக்கிறது என்று இன்னொரு தடவையும் வைத்தார்.

மூவரும் பைகளைச் சுமந்துகொண்டு வீடு திரும்பினார்கள். நான்கு நாள் போனது போனதுதான். அன்று ஏழு மணிக்கே நர்ஸ் பணிக்குக் கிளம்பினாள்.

மறுநாள் காலை எட்டரை மணிக்குத் திரும்பி வந்தபோது கீழே சுத்தியல் ஆரம்பித்திருந்தது. அவள் படுக்கப் போகவில்லை. கணவர் சாப்பாட்டு மேசையில் காகிதம் விரித்து, வாரியத்துக்கு மறுபரிசீலனை மனு எழுதிக்கொண்டிருந்தார். எதிரே தம்பி.

"யாருக்கு எழுதுறீங்க?"

"வாரியத்துக்குதான். முறையா எடுத்துச் சொன்னா..."

"எழுதாதீங்க. அதுக்கும் ஒரு ஒத்திகை வைப்பாங்க."

அவர் பேனாவை வைத்தார். அவள் சான்றிதழையும் தலைவர் கொடுத்த கடிதத்தையும் எடுத்தாள். நோயாளியின் சீட்டைப் படிப்பதுபோல் மேலிருந்து கீழே, அவசரமில்லாமல் படித்தாள். பிறகு விதிப்புத்தகத்தைப் புரட்டினாள். நான்கு நாள் தலைக்கு வைத்துப் படுத்த புத்தகத்தை அவள் திறந்து படித்தது அதுதான் முதல் தடவை.

"என்னங்க, காட்டுக்குள்ள இருக்கணும்னா அனுமதிச் சீட்டு வேணும், இல்ல?"

"கண்டிப்பா. நமக்கு ஆளுக்கொண்ணு குடுத்தாங்களே. மஞ்சச் சீட்டு."

"அவங்க அஞ்சு பேர்கிட்ட இருக்கா?"

கீழே சுத்தியல் பத்து அடி அடித்தது. முதலில் கண்டக்டர்தான் நிமிர்ந்தான். அவன் முகத்தில் அப்படியொரு தொழில் பக்தியை மெக்கானிக் அதற்குமுன் பார்த்ததில்லை.

"டிக்கெட் இல்லாம இருபத்திரண்டு வருஷம்" என்றான் மெதுவாக. "அத்தான், என் சர்வீஸ்ல இப்படி ஒரு ஆள நான் புடிச்சதே இல்ல."

அவள் அறுபத்தொன்றாம் விதியை வாசித்தாள். அனுமதிச் சீட்டின்றி வனப்பகுதியில் வசிப்போரை, தகவல் கிடைத்த இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் வனக் காவல் படை வெளியேற்ற வேண்டும். அவர்களிடம் விளக்கம் கேட்கத் தேவையில்லை. இருப்பிடத்துக்குச் சீல் வைக்க வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு அவர்கள் அந்த எல்லைக்குள் காலடி வைக்கக்கூடாது.

"இத எழுதுனது யாரு?" என்றார் மெக்கானிக்.

"கீழ கையெழுத்து இருக்கு பாருங்க. தலைவர்."

"வனக் காவல் படை செய்வாங்களா மாப்ள?"

"செய்வாங்களாவா? போன வருஷம் காட்டோரமா எங்க பஸ் பஞ்சராகி நின்னுச்சு. பத்து நிமிஷம். பஸ்ஸுக்கே சீல் வச்சுட்டாங்க. அம்பது பேர் நடந்தே வீடு போனோம். 'டயர் பஞ்சருங்க'ன்னேன். 'விளக்கம் கேக்கத் தேவையில்ல'ன்னுட்டான். காயிதம் வந்தாப் போதும், அவங்க சாமி வந்த மாதிரி ஆடுவாங்க."

மெக்கானிக் எழுந்து போய்க் கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்தார். பழைய காகிதத்தை மடித்து ஓரம் வைத்தார். புதுக் காகிதத்தில், இடப்பக்கம் இரண்டு விரல் இடம் விட்டு, வனக் காவல் படைத் தலைவருக்கு எழுத ஆரம்பித்தார்.

ஒரு வார்த்தை மிகையில்லை. ஒரு வசவு இல்லை. வனத்தின் நான்கு எல்லைகளை எழுதினார். வடக்கே மாடிப்படி, தெற்கே கழிப்பறை. அங்கே ஐந்து பேர் சீட்டின்றி வசிப்பதை, அவர்கள் உட்காரும் இடம் வாரியாக எழுதினார். அடர்ந்த காட்டில் மண்ணெண்ணெய் அடுப்பு எரித்தது, நாள் ஒன்றுக்கு மூன்று முறை. ஆற்றில் குப்பை போட்டது, கோப்பைகள் இருபதுக்குக் குறையாமல். காட்டில் மரம் ஒடித்தது, பல் குத்துவதற்காக. இருந்த ஒன்பதில் இரண்டு மரங்கள் பட்டுப்போயின. இவர்களில் ஒருவர் கரடியாகத் திரிகிறார். கரடி ஒப்புகைப் படிவம் இணைக்கப்பட்டுள்ளது. சான்றிதழ், தலைவரின் கடிதம், விதி அறுபத்தொன்று ஆகியவற்றின் நகல்களும் இணைப்பில்.

"பாவமா இல்ல?" என்று கேட்டார், எழுதி முடித்து. முறைக்காகக் கேட்டார்.

"இருக்கு" என்றாள் அவள். "தட்டச்சு அம்மாவ நினைச்சா கொஞ்சம் இருக்கு. அவங்களுக்கும் மூணு வருஷம் அந்த முகங்களப் பாக்காம இருக்கக் கெடச்சா நல்லதுதான். கடைசில ஒரு வரி நான் சொல்றேன், எழுதுங்க."

அவள் சொன்னாள். அவர் எழுதினார்: 'தாங்கள் வரும்போது அவர்கள் இது காடே இல்லை, வெறும் அலுவலகம் என்று சொல்லக்கூடும். நாங்களும் அதைத்தான் சொன்னோம், அவர்கள் ஏற்கவில்லை.'

மூவரும் கையெழுத்திட்டார்கள். அவர் உறையில் இட்டு, மடிப்பின் ஓரமெல்லாம் பசை தடவி, மேலே விதிப்புத்தகத்தை ஏற்றிவைத்து, ஐந்து நிமிஷம் காத்திருந்தார். பிறகு தபால் நிலையம். வரிசையில் மூவரும் நின்றார்கள். இரண்டு பேர் போதும் என்று மெக்கானிக் சொல்லியும் யாரும் வீட்டில் இருக்கச் சம்மதிக்கவில்லை.

"பதிவுத் தபாலா, சாதாவா?" என்றார் கவுன்டரில் இருந்த எழுத்தர்.

"பதிவு" என்றாள் நர்ஸ். "எப்பப் போய்ச் சேரும்?"

"நாளைக்கு. நாளைக்குன்னா நாளைக்கேதாம்மா."

அவர் முத்திரையைத் தூக்கி ஓங்கிக் குத்தினார். நேராகவே விழுந்தது. உறையை எடுத்துப் பின்னால் இருந்த சாக்குப் பையில் போட்டு, வாயைச் சுருக்கிக் கயிற்றால் கட்டினார். முடிச்சு இறுகுவதைப் பார்த்துக்கொண்டே நின்ற நர்ஸ், காலை பத்தே கால் மணிக்கு, பெரிதாக ஒரு கொட்டாவி விட்டாள்.